பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

கொரோனா வருவதற்கு முந்திய ஜனவரி அது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. லண்டனில், வால்தம்ஸ்டோ பக்கம் ஒற்றை அறை வீடொன்றில் தனியாக இருந்தேன். யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டு இலையுதிர் காலத்தில் வெளியேறிய கணவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா அதற்கு முந்தின வருடம் யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார்.

அன்று மாலை சந்திர கிரகணம் என்று வேலையிடத்து ரேடியோவில் சொன்னார்கள். கிரகணம் என்றால் எங்கள் ஆட்கள் வீட்டையே இரண்டாக்கிவிடுவார்கள். சமைத்ததில் தர்ப்பை போட வேண்டும், முடிந்ததும் தலை முழுக வேண்டும். எல்லாவற்றையும் விட, பிள்ளைத்தாச்சி வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளையின் உதடு பிளந்துவிடுமாம். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். எது உண்மை, எது புரளி என்று நாள் முழுக்க ஊருக்கு விளக்கம் சொல்கிறவள். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்குப் போன் எடுத்தேன்.

“இண்டைக்கு நடை சாத்துவீங்களோ ஐயா?”

“இல்லைப் பிள்ளை. இது புறநிழல் கிரகணம். பூமியின்ர கரு நிழலுக்குள்ள சந்திரன் போகாது, வெளி நிழல்தான் கொஞ்சம் படும். பஞ்சாங்கத்திலயும் போடேல்லை. வழமைபோலப் பூசை இருக்கு, வாங்கோ.”

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், யாராவது என்னைப் போகாதே என்று தடுக்க வேண்டும் போல இருந்தது. அதற்குத்தான் போன் எடுத்திருக்கிறேன். நான் கர்ப்பிணி என்று அவருக்குச் சொல்லவே இல்லை, பிறகு பாவம் அந்த ஐயர் எப்படித் தடுப்பார்?

வீம்புதான். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில் ஏறிச் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனேன். பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்ப்போம், லண்டன் வெளிச்சத்தில் நின்று என்னத்தைப் பார்ப்பது என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கடல் வற்றிக் கிடந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில். இந்தப் பக்கம் முழுக்கச் சேறு. அதன் மேலே முழு நிலவு. கிரகணம் நடந்துகொண்டிருந்த நேரம்தான், ஆனால் ஒன்றும் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நிலவின் கீழ்ப் பக்கம் கொஞ்சம் மங்கல், வெள்ளைச் சட்டையில் சரியாகப் போகாத தேநீர்க் கறை மாதிரி. நாயோடு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நான் அண்ணாந்து நிற்பதைக் கண்டு தானும் அண்ணாந்தார். என்ன விசேஷம் என்று பிடிபடாமல் நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

காற்று எலும்பு வரைக்கும் போனது. வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. அதைச் சொல்ல ஒருவரும் இல்லையே என்று அழுகை வந்தது. அடக்கவில்லை, அங்கே யாருக்காக அடக்குவது?

“தங்கச்சி, தமிழோ?”

திரும்பினேன். தெருவோரம் நின்ற காரிலிருந்து என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண் ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அவருடைய கணவர் முக்காலியில் கமராவை வைத்து நிலவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றேன்.

அவர் கண் என் வயிற்றுக்குப் போனது. “எத்தினை மாசம்?”

“அஞ்சு.”

“ஐயோ! பிள்ளைத்தாச்சி கிரகணத்துக்க வந்து நிக்கிறதே? வாங்கோ காருக்குள்ள. அண்ணாந்து பாக்காதேங்கோ!”

“இஞ்சேரும், இது புறநிழல் கிரகணம். இதுக்கு ஒண்டும் பாக்கத் தேவையில்லை,” என்றார் கணவர், கமராவிலிருந்து கண் எடுக்காமல்.

“நீங்கள் சும்மா படத்தை எடுங்கோ. நிழல் எண்டால் நிழல்தான்.”

என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காரின் பின் இருக்கையில் இருத்தினார். ஹீட்டரைக் கூட்டினார். தன் சால்வையை என் வயிற்றின் மேல் போட்டு, கண்ணாடி வழியாக நிலவு தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, தெரியாதபடி என்னை நகர்த்தி விட்டார். விஞ்ஞானம் படித்த நான் சொன்னபடியெல்லாம் நகர்ந்தேன். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். அவர்களும் லண்டனில்தான், பிளேஸ்டோவில் இருக்கிறார்களாம், திரும்பும்போது என்னை வீட்டில் இறக்கிவிட்டுத்தான் போவார்களாம். நான் ஏற்கெனவே அழுதிருந்ததை அவர் கண்டிருப்பார். கேட்கவில்லை.

பிளாஸ்கை மூடி வைத்தார். பிறகு, மனம் ஆறாமல், “ஏன் பிள்ளை, வெளிய போகாத எண்டு வீட்டில ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்று கேட்டார்.

தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“சொன்னவை அக்கா. நான்தான் கேக்கேல்லை.”

“கேக்கவேணும். உங்களில அக்கறை இருக்கிறபடியால்தானே சொல்லுறவை.”

“ஓம் அக்கா,” என்றேன்.