படத்தில் செத்தவன்

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. திரையில் முதலில் தெரிந்தது தோல் கோட் அணிந்த ஒரு கறுப்பின மனிதரின் முதுகு. அதற்கு மேலே, படத்துக்குள் தவறி நுழைந்துவிட்ட ஒலிவாங்கி. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் நான். எனக்கு எட்டு வயது.

நாங்கள் அகதிகளாய் வந்து குடியேறிய பார்க்டேலில், எங்கள் அடுக்குமாடி வீட்டில், மாமாவின் செய்தி வந்த நாளிலிருந்து தொலைக்காட்சி போடப்படவில்லை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் அவர் சுடப்பட்டுத் தெருவோரம் கிடந்ததை, பஸ்ஸில் போன ஊர்க்காரர் ஒருவர் கண்டிருக்கிறார். உறவினர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே உடல் இல்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை அடுத்த ஞாயிறு செய்வதென்று அப்பா ஐயரிடம் சொல்லிவைத்திருந்தார்.

வீட்டின் அமைதியைத் தாங்க முடியாமல் சித்தப்பாதான் அந்த வீடியோ கசெற்றை எடுத்து வந்தார். எழுபதுகளில் சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் குற்றப்படம். கதாநாயகன் வெள்ளைப் பொலிஸ்காரனுக்குக் கொடுத்த ஒவ்வொரு அடியும் தன்னை விசாரித்த இமிகிரேஷன் அதிகாரிக்கு விழுந்தது என்பது சித்தப்பாவின் கருத்து. துரத்துகிற காரும் துரத்தப்படுகிற காரும் ஒரே கார்தான் என்பது அப்பாவின் கருத்து. அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கருத்து எதுவும் இல்லை.

பிறகு ஒருவன் சுடப்பட்டுத் தெருவோரம் விழுந்தான். சித்தப்பா திரையை நோக்கிக் கை நீட்டினார்.

“அண்ணை, உவன்ர வயித்தைப் பாருங்கோ. செத்தவன் மூச்சு விடுறான்.”

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா வெங்காயக் கத்தியோடு வந்து நின்றார்.

“தம்பி, உதைத் திருப்பிப் போடும்.”

சித்தப்பா திருப்பிப் போட்டார். அம்மா திரைக்கு அருகே குந்தியிருந்து பார்த்தார். விழுந்து கிடந்தவனின் சட்டை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. இன்னொருமுறை போடச் சொன்னார். அம்மாவுக்கும் படம் பிடித்துவிட்டதே என்று எனக்கு மகிழ்ச்சி. அடுத்து அவர் கேட்டதையும் படத்தைப் பற்றிய கருத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

“பஸ்ஸுக்குள்ள இருந்து பார்த்தவருக்கு உது தெரியுமே?”

படத்தில் பஸ்ஸே வரவில்லை என்று நான் திருத்தினேன். சித்தப்பா கசெற்றை நிறுத்தினார். அன்று மாலை அப்பா ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, வர வேண்டாம் என்றார்.

மாமாவின் அந்தியேட்டி இன்னும் செய்யப்படவில்லை.