கண்ணில்லாத சிங்கி இறால்

எங்கள் அத்தாவுக்குச் சமைக்கத் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆழ்கடலில் வலை போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிக் கப்பலொன்றில் அவர் சமையல்காரர். எழுபதுகளின் கடைசி அது. கொச்சியில், கொச்சங்காடி மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் வீடு.

என் தங்கைக்குச் சிறுவயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. மாலைக்கண்தான், மீனெண்ணெய் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஊரே வைத்தியம் சொன்னது. பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பதினாறு வயதில் பகல் வெளிச்சமும் போய்விட்டது. எறணாகுளத்துக் கண் டாக்டர் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டு, அத்தாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களா என்று கேட்டார். அம்மா அத்தாவுக்கு மாமன் மகள். திரும்பி வந்த படகில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்றோடு தங்கை பேசுவதை நிறுத்திவிட்டாள். வாயைத் திறந்தால் மூடாதவள், எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பார்க்க வந்தவர்கள் "படைச்சவன் பாத்துக்குவான்" என்று சொல்லிச் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தா கப்பலுக்குக் கிளம்பும்போதெல்லாம், "ஒரு வார்த்தை பேசு மோளே" என்று அவளிடம் கெஞ்சுவார்.

ஒருமுறை ரொட்டி டப்பாவில் ஐஸ் போட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்கச் சிங்கி இறால் மாதிரி இருந்தது. ஆனால் தட்டை உடம்பு, வெளிறிய சிவப்பு, கால்களில் வரிசையாகக் கொடுக்கு.

"குடம்புளி போட்டு வெக்கட்டா?" என்றார் அம்மா.

"கறிக்கில்ல, பிள்ளைக்கு" என்று அத்தா சீறினார்.

தங்கையின் விரலைப் பிடித்து அதன் தலையில் வைத்தார். "தடவிப் பாரு. கண்ணு இருக்கா? இல்லையில்ல? கப்பல்ல ஆராய்ச்சி பண்ற சாரு சொன்னாரு, இதோட பாட்டன்மாருக்குக் கண்ணு இருந்துச்சாம். அதுங்க உருவம் பழைய பாறைக்குள்ள அச்சாக் கெடக்காம். ஆழத்துக்குப் போயி கண்ணு போச்சு. கூட இருந்ததெல்லாம் அழிஞ்சிருச்சு. இது கோடி கோடி வருஷமா கண்ணில்லாமலே ஜீவிக்குது, கேட்டியா மோளே!"

அவள் ஒவ்வொரு காலாக, ஒவ்வொரு முள்ளாகத் தடவினாள்.

"அங்க எப்பவும் இருட்டா அத்தா?"

பேசிவிட்டாள்! அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமா மோளே, வெயிலே எறங்காத ஆழம்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

"அப்போ அதுக்கென்ன கொறச்சல்? அங்க எல்லாருக்கும் இருட்டு. இங்க எனக்கு மட்டும்தானே அத்தா."

சிரிப்பு அத்தாவின் முகத்தில் அப்படியே நின்றுபோயிற்று. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, அவளுக்குக் கேட்காமல் அழுதார். அத்தா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அவர் சத்தமே காணோமே என்று தங்கை கையை நீட்டித் துழாவினாள். ஐஸில் விறைத்த விரல்கள் அவர் கன்னத்தில் பட்டன. நனைந்திருப்பது தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பேசினாள். எல்லோரிடமும் பழையபடி சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். தன் கண்ணைப் பற்றி மட்டும், அத்தா மௌத்தாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.