கெண்டை என்றார் அந்தோனிமுத்து

எங்கள் தோட்டத்தில் வாய்ச்சொல்லாலேயே பேர் வாங்கிய மனிதர் ஒருவர் உண்டு என்றால் அது ஆற்று வாச்சர் அந்தோனிமுத்துதான். இலங்கை மலையில் அக்கரப்பத்தனைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து அடிவாரத்தில் ஓடிய ஆற்றில் துரைமார் டிரவுட் மீன் விட்டு வளர்த்தார்கள். அவர்கள் மட்டுமே தூண்டில் போடலாம். வேறு யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது அந்தோனிமுத்துவின் வேலை. கரையோரம் தொப்பியும் தடியுமாக அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் ஆறே அவருடைய சீதனம் என்று தோன்றும்.

லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்கு அதில் இருந்ததெல்லாம் 'தொரை மீன்', அவ்வளவுதான். அவருக்கு அது இரண்டு சாதி. ஒன்று பிரவுன்: உடம்பில் சிவப்புப் பொட்டு, பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம், வாலில் அநேகமாக ஒன்றும் இருக்காது. மற்றது ரெயின்போ: விலாவில் ரோஸ் நிறப் பட்டை, வால் முழுக்கக் கறுப்புப் புள்ளி. இரண்டுக்குமே முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள்ளில்லாத சின்னச் சதைத் துடுப்பு ஒன்று உண்டு. குஞ்சாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். துரைமார் தங்களுக்குள் வாதாடிக் களைத்துப்போய், கடைசியில் "வாச்சரைக் கூப்பிடு" என்பார்கள். அவர் வந்து சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஒருமுறை பெரிய துரை ஒரு புத்தகத்தில் 'சார்' என்ற மீனின் படத்தைக் காட்டி, இது நம் ஆற்றில் உண்டா என்று கேட்டாராம்.

"இல்லீங்க தொரை. இதுக்குக் கறுத்த ஒடம்புல வெளுத்த பொட்டு. நம்ம மீனுக்கு வெளுத்த ஒடம்புல கறுத்த பொட்டு" என்றாராம் இவர். துரை இதைத் தன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இவரும் எங்களிடம் சொல்லிச் சொல்லிக் காதைப் புளிக்க வைத்தார். தற்பெருமைக்காரர்தான். ஆனால் மீன் விஷயத்தில் அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

ஐம்பத்திரண்டாம் வருஷம் என்று ஞாபகம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அழகுமுத்துவின் மனைவி பூரணிக்குத் தலைப்பிள்ளை பிறந்து, பால் சுரக்கவில்லை. பிள்ளை ஓயாமல் கத்தியது. பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது நம் சனங்களுக்குத் தெரிந்த விஷயம். ஹட்டன் கடையில் சுறாக் கருவாடுதான் கிடைக்கும். கருவாடு உதவாது, பச்சை மீன்தான் வேண்டும் என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வேலாயி அடித்துச் சொல்லிவிட்டாள்.

அழகுமுத்து மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவன். கடலைக் கண்ணால் கண்டதில்லை. சுறாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதற்குச் செதில் கிடையாது. தொரை மீனும் வழுவழுவென்றுதான் இருக்கும். அதற்குச் செதில் உண்டு. ஆனால் கைக்குத் தட்டுப்படாத அளவுக்குப் பொடிசு. அப்புறம் என்ன, கடலிலிருந்து சுறாக்குட்டிதான் ஆற்றோடு ஏறி வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். இருட்டுகிற நேரமாகப் பார்த்துச் சாக்கை விரித்து ஒன்றைப் பிடித்தான். வேலாயி அதன் வாலை நறுக்கி, தோலை உரித்து, அவித்து, உதிர்த்துப் புட்டாக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் லயத்தைச் சுத்தம் பார்க்க வந்த மேற்பார்வைக்காரர் கண்டாக்கையாவின் கண்ணில் சாக்கடைக் கானோரம் கிடந்த தோலும் வாலும் பட்டுவிட்டன. துரைக்கு ஆள் போனது. துரையும் வந்தார், அந்தோனிமுத்துவும் வந்தார்.

டிரவுட்டைத் திருடியவனுக்குத் தோட்டத்துப் பதிவிலிருந்து பேர் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் காம்பராவையும் விட்டுப் போக வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்ற காலம் அது. பேர் வெட்டுப்பட்டவனை வேறு தோட்டத்தில் லேசில் சேர்க்கவும் மாட்டார்கள். பச்சைப்பிள்ளையோடு அவர்கள் எங்கே போவார்கள்?

"யாரு புடிச்சது?" என்று கேட்டார் துரை.

"நாந்தாங்க தொரை. சுறாங்க. பொம்பளைக்குப் பால் இல்லீங்க" என்றான் அழகுமுத்து, ஒளிவு மறைவில்லாமல்.

கண்டாக்கையா சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை. குனிந்து வாலை எடுத்து அந்தோனிமுத்துவிடம் நீட்டினார்.

"வாச்சர், இது என்னா மீன்?"

வால் முழுக்கக் கறுப்புப் புள்ளி. தோலில் ரோஸ் பட்டை இன்னும் மங்கவில்லை. துரைக்கே தெரியும். அந்தோனிமுத்து அந்த வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்பரா வாசலில் பூரணி பிள்ளையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"கெண்டைங்க தொரை" என்றார்.

கண்டாக்கையா வாயைத் திறந்தார். துரை கையைக் காட்டி அடக்கினார். "கெண்டை?"

"ஆமாங்க. கெண்டைதாங்க."

கெண்டைக்கு யாரும் பேர் வெட்டுவதில்லை. துரை வாலைக் கானில் போட்டுவிட்டு நடந்தார். ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியாது. இரக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அன்றோடு அந்தோனிமுத்துவை அவர் மீன் பார்க்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேலை பறிபோகவில்லை, சம்பளமும் குறையவில்லை. அடுத்த முறை துரைமார் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு வாதாடியபோது இவர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். விருந்தாளி ஒருவர், "உங்கள் வாச்சரைக் கேட்கலாமே" என்றதற்கு, "அவனுக்கு எல்லாம் கெண்டை" என்றாராம் துரை. அன்று அந்தோனிமுத்து சோறு உண்ணவில்லை என்று அவர் மனைவி சுகிர்தம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் பூரணிக்குப் பால் ஊறிவிட்டது. புட்டாலா, பயம் தெளிந்ததாலா, யார் கண்டது? அழகுமுத்துவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், அத்தனை பேர் முன்னால், அந்தோனிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க தங்கமான மனுசன். எங்க குடும்பத்துக்குச் சாமி மாதிரி. ஆனா மனசுல வச்சுக்காதீங்க, ஒங்களுக்கு மீனு தெரியலைண்ணே. கெண்டையில பால் ஊறுமா? அது சுறாண்ணே!"

சனம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது ரெயின்போ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் வாய் அடைபட்டுவிடும். ஆனால் கண்டாக்கையா இரண்டெட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தோனிமுத்து கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"சுறாவாத்தான் இருக்கும்ப்பா. எனக்கு மீனு தெரியலை" என்றார்.