கழற்றாத பூட்ஸ்

போன செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. புரட்டாசி வெயில். காலில் இரண்டு ஜோடிக் கம்பளி ஸாக்ஸ்; அதற்குமேல் பனிமலை ஏறும் பூட்ஸ். கொள்ளிடத்தின் வடகரையிலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீரங்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

பைத்தியமா என்கிறீர்களா? இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். காஷ்மீரத்தில் பனியின் ஆழத்தை அளக்கும் குழுவில் உதவியாள். குளிர்காலம் முழுவதும் ‘ஸ்கீ’ என்ற நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும். இல்லாவிட்டால் இடுப்புவரை புதைந்துபோவோம்.

சென்ற குளிர்காலத்தில் கிடங்கில் கொடுத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பலகை ஒவ்வொன்றும் ஏர்க்கால் கனம். பூட்ஸ் யாருடையதோ... உள்ளே என் குதிகால் ஊஞ்சலாடியது. மூன்றாம் நாள் இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. குழுத் தலைவர் என்னைக் கீழ்முகாமுக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார்.

ஆகவே இந்த முறை என் சம்பளத்தில் நானே வாங்கினேன். ஸ்ரீநகர்க் கடைக்காரர் எடுத்தவுடன் பலகைகளைத்தான் காட்டினார். வழவழவென்று, ஆளைவிட உயரமாக — மயங்காதவன் யார்? நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினேன். முதலில் பூட்ஸ். குதிகால் அசையக் கூடாது, விரல் இடிக்கக் கூடாது. பிறகு, அந்த பூட்ஸின் அடித்தோலைச் சரியாகக் கவ்வும் இரும்புக் கட்டு. ஏறும்போது குதிகாலைத் தூக்கவிட வேண்டும். இறங்கும்போது அமுக்கிப் பிடிக்க வேண்டும். பலகை கடைசியில்தான். இருப்பதிலேயே இலேசானது, குட்டையானது. கடைக்காரர் முகம் சுளித்தார். நீளப் பலகைதான் வேகமாகச் சறுக்குமாம்! நான் சறுக்குவது ஒரு நாழிகை. ஏறுவது நாள் முழுவதும். தூக்குகிற கால் யாருடையது?

பலகைகளை அங்கேயே வைத்துவிட்டு, பூட்ஸோடு லீவில் வந்தேன். புதுத் தோலை நடந்து நடந்துதான் காலுக்குப் பழக்க வேண்டும். பனிக்குப் போன பிறகு பழக்க முடியாது.

இங்கேதான் சிக்கல். கொள்ளிடம் பாலத்துக்குப் போகும் பாதை மிராசுதார் தெரு வழியாகப் போகிறது. தெரு தொடங்கும் இடத்தில் எங்கள் ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதற்கும் இந்தத் தெருவில் வெறுங்காலோடுதான் போனேன். சுற்றிப் போகலாமே? வயலெல்லாம் நடவு, வரப்பெல்லாம் சேறு. ஈரத்தில் ஊறிய புதுத் தோல் விறைத்துப்போகும்.

கழற்றவில்லை. நடந்தேன்.

மிராசுதாரின் காரியஸ்தர் வாசலில் நின்றார்.

“ஏண்டா, கால்ல என்னடா அது?”

“பூட்ஸுங்க.”

“அது தெரியுது. கழட்டு.”

“கழட்டினா பழகாதுங்க. பழகலேன்னா பனியில புண்ணாயி வேலை போயிடும்.”

“பனியா! திருச்சியிலயா?” பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “உங்கப்பன் கையிலதானடா தூக்கிட்டுப் போறான்? படிச்சவனுக்கு அது தெரியலையா?”

“அவருக்குக் கையில பழகிப்போச்சுங்க. எனக்குக் கால்ல பழகணும்.”

சிரிப்பு நின்றது. “சாயங்காலம் உங்கப்பனை வரச் சொல்லு” என்றார்.

பயம் அப்போதுதான் வந்தது. அப்பா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுவது அவர்கள் நிலம். என் வேலை நிலைக்க, அவர் நிலம் போகலாமா? ஆனாலும் பாலம்வரை போய், அதே தெரு வழியாகவே திரும்பினேன். அப்போதும் கழற்றவில்லை.

சாயங்காலம் அப்பா காரியஸ்தரிடம் போய்விட்டு வந்து, நிதானமாகக் கால் கழுவினார்.

“என்னப்பா சொன்னாரு?”

“‘உம் மவன் கழட்ட மாட்டானா’ன்னாரு.”

“நீங்க?”

“‘உங்களுக்கும் ஒரு ஜோடி வேணும்னா அளவு குடுங்க, வாங்கியாரச் சொல்றேன்’னேன்.”

“ஐயோ! அப்புறம்?”

“‘அறுப்பு முடியட்டும், உன்னைப் பார்த்துக்கறேன்’னுட்டு உள்ள போயிட்டாரு. நீ சாப்பிடு.”

அறுப்புக்கு இன்னும் நான்கு மாதம். என் லீவில் மீதி எட்டு நாள். தினமும் நடக்கிறேன். வலது கால் பழகிவிட்டது. இடது கால் இன்னும் கடிக்கிறது.

தெருவா? அதுவும் பழகிக்கொள்ளட்டும்!