கேட்பவர்களுக்கு மட்டும் நல்ல கிளட்ச்

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு விவசாய இலாகாவில் வேலை. லால்குடி, திருவெள்ளறை, துறையூர் என்று ஊர் ஊராகப் போய் விதையையும் உரத்தையும் பற்றிச் சொல்லிவிட்டு வருவார். அதற்காக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். நான் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். அவருக்கு டவுன் ஆபீசில் வேலை இருக்கிற நாட்களில் நானும் பின்னால் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைக் கடப்பேன்.

அவர் நல்ல மனிதர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டார். அந்தக் குணத்தை எல்லோரும் மெச்சினார்கள். அதோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

ஒரு சமயம் வண்டியில் கிளட்ச் போய்விட்டது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறும், சக்கரம் மட்டும் சோம்பலாக உருளும். தட்டுகள் தேய்ந்துவிட்டன, புதிதாக வாங்கி வாருங்கள் என்றார் மெக்கானிக். இவர் மலைக்கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சாமான் கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்தார். அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மறுபடியும் அதே அலறல். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று நாளைக் கடத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவெள்ளறைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஒரு ரயில்வே கேட். கேட்டைச் சாத்தப் போன ஆள் எங்களைப் பார்த்து, "சீக்கிரம் வாங்க, சீக்கிரம்!" என்று கையை ஆட்டினார். தண்டவாளத்துக்கு ஏறும் மேட்டில் வண்டி திணறியது. முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது, பின்சக்கரம் தாண்டவில்லை. இன்ஜின் போட்ட சத்தத்தில் ரயிலின் ஊதல் எனக்குக் காதில் விழவே இல்லை. கேட்காரர் ஓடி வருவதைப் பார்த்துத்தான் குதித்தேன். நானும் கேட்காரருமாகப் பின்னாலிருந்து தள்ள, வண்டி தாண்டியது. என் செருப்பு ஒன்று கழன்று தண்டவாளத்துக்கு நடுவே விழுந்தது. அதை எடுக்கத் திரும்பிய என்னைக் கேட்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ரயில் போனது.

மூச்சு வாங்க நின்றோம். என் கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகலை."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வீடுவரை நடந்தேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

மறுநாள் மெக்கானிக் கிளட்ச்சைப் பிரித்தார். தட்டைச் சுற்றிக் கார்க் துண்டுகள் பதித்திருக்கும், அவைதான் பிடிமானம். பாதிக் குழிகளில் கார்க்கே இல்லை. மிச்சம் கருகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினேன், ஒன்று பெயர்ந்து கையோடு வந்தது. எல்லாவற்றையும் எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு பழைய பேப்பரில் சுற்றினேன். பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "வாங்க சார்" என்றார். நான் பொட்டலத்தைக் கண்ணாடி மேஜைமேல் பிரித்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருப்பீங்க சார். சாமான் மேல குத்தம் இல்லை."

"அவரை விடுங்க, நான்தான் பேசறேன்" என்றேன். "இது எப்படி ஒரு மாசத்துல பேந்துச்சு?"

"அம்மாவை அப்படி ஃபேனுக்குக் கீழ உக்கார வையுங்க சார், காபி சொல்றேன்."

அங்கே சாமான் வாங்க வந்து நின்ற ஒருவர், "வீட்டுக்காரர்தான் வந்திருக்காரேம்மா, அவரு பேசிக்குவாரு" என்று சிபாரிசு செய்தார். என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "வா, வேற கடை பாத்துக்கலாம்" என்றார்.

"நான் வரலை. நீங்க வேணா போங்க" என்றேன். அவர் வாசல்பக்கம் போய் நின்றார். நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "நேத்து நாங்க ரெண்டு பேரும் ரயில்ல அடிபட்டுச் செத்திருப்போம். புதுசா இருக்கறதை எடுத்து இந்தக் கண்ணாடி மேல வையுங்க. நான் பாக்கணும்."

வேறு வழியில்லாமல் எடுத்து வைத்தார். இரும்புத் தட்டைக் கண்ணாடியில் படுக்கவைத்து விளிம்பை அழுத்தினேன். மறுபக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது, தட்டு வளைந்திருந்தது. தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கார்க்கை நகத்தால் நெம்பினேன், அசைந்தது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். கண்ணும் கையும் இருந்தால் போதும். சிபாரிசு செய்தவர் தானும் ஒரு தட்டை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

கடைக்காரர் எழுந்து உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்துப் பார்த்தேன். தட்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே உயரம். கார்க் ஒவ்வொன்றும் குழியை நிறைத்து இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. நகம்தான் வலித்தது.

"இது முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அப்புறம் ஏன் அதைக் கொடுத்தீங்க?"

"கேக்கறவங்களுக்கு இதைத் தருவோம். சார் ஒண்ணும் கேக்கலையே."

மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். மட்டமான சரக்கு என்று தெரியாமல் விற்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நல்லதை உள்ளே வைத்துக்கொண்டு, வருகிறவன் முகத்தைப் பார்த்து, இவன் வாய் திறக்கமாட்டான் என்று எடைபோட்டு, கருகப்போகிறதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். எங்கள் உயிரை அந்தக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி ஒரு பார்வையில் தீர்மானித்திருக்கிறார்.

பழையதற்குப் பதிலாக அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. சந்தில் இறங்கியதும் என் கணவர், "இவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம்" என்றார். "நீங்க போட்டிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்" என்றேன். பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

அந்தக் கிளட்ச் பல வருஷம் உழைத்தது. துறையூர்ப் பக்கத்து மண்பாதைகளில் சேற்றிலும் புழுதியிலும் ஓடியும் ஒருமுறைகூட வழுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து என் கணவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். "கிளட்ச் பிரமாதமா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். நான் காபி கொண்டுவந்தேன். என் கணவர் சாய்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் பாத்து வாங்கணும் சார். கண்ணாடி மேல வச்சு ஒவ்வொரு தட்டா அழுத்திப் பாத்தேன்."

டவராவை மேஜைமேல் வைத்த வேகத்தில் காபி சிந்தியது.

"யாரு பாத்தா?" என்றேன்.

நண்பர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என் கணவர் மீசையைத் தடவினார். "இவதான் பாத்தா" என்றார் கடைசியில். "நான் வாசப்பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன்."

சிந்திய காபியை நான் துடைக்கவில்லை. அவரே எழுந்துபோய்த் துணி எடுத்துவந்தார்.