இல்லாத பெற்றோல்

கொஞ்ச நாள் தினமும் பின்னேரம் சைக்கிள் மிதித்தேன். ஒரு முழம்கூட முன்னுக்குப் போகவில்லை.

சைக்கிள் எங்கள் வீட்டு விறாந்தையில், சுவரைப் பார்த்தபடி ஸ்டாண்டில் நிற்கிறது. பின்சில்லில் டைனமோ. நீங்களும் செய்வதுதானே... சண்டையால் பற்றரிக்கும் பெற்றோலுக்கும் தடை வந்த நாளிலிருந்து ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று றேடியோவில் செய்தி கேட்கிறோம். ஆனால் நான் மிதித்தது செய்திக்கு அல்ல. கார் ரேசுக்கு! சிரிக்காதீர்கள். விஷயம் பாரதூரமானது.

என் தம்பி யோகன். சண்டிலிப்பாய்ச் சந்தியில் எப்போதாவது கார் பிடித்துப் போயிருந்தால் உங்களுக்கும் அவனைத் தெரிந்திருக்கும். ஹயர் கார் ஓடினான். பெற்றோல் வராமல் நின்றது. மண்ணெண்ணெயில் ஓடிப் பார்த்தான், எஞ்சின் கையை விரித்துவிட்டது. சில்லுகளைக் கழற்றி விற்றான். இப்போது கார் மாமரத்தின் கீழே கற்களின்மேல் இருக்கிறது. கோழிகள் அதற்குள் முட்டை இடுகின்றன. யோகன் அடுத்தவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறான். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். நான் வேறு விளக்கிச் சொல்ல வேண்டுமா?

போன மாதம் ஒரு நல்ல செய்தி வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் சாரதி தேவையாம். வாகனத்தை ஓடிக் காட்ட வேண்டும், பிடித்தால் நிரந்தர வேலை. யோகனின் மனைவி அன்றைக்கே கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். யோகன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணை, நான் போகேல்லை.”

“ஏன்ரா?”

“கை மறந்துபோச்சு. மூண்டு வரியமாய் ஸ்டியரிங்கைத் தொடேல்லை. அவங்களுக்கு முன்னாலை கொண்டுபோய் மதிலிலை இடிச்சனெண்டால்...?”

பழகிப் பார்க்கலாம் என்றால் கார் ஏது? பெற்றோல் ஏது? அப்போதுதான் என் மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. வல்வெட்டித்துறையில் இருக்கும் அவளுடைய அண்ணர், கப்பலில் போன காலத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தவர். சாசர் அளவில் ஒரு ஸ்டியரிங், உள்ளங்கை அளவில் ஒரு திரை, வேகத்தைக் கூட்டுவதற்கு ஒரு லீவர். பெட்டியின் மேல் ‘டிரைவிங் சிமுலேற்றர்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நான் எதையும் நம்பிவிடுவேன். அது என் பலவீனம்.

றேடியோ திருத்துகிற ஒருவர் டைனமோ வயரைப் பெட்டிக்குப் பொருத்தித் தந்தார். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து மிதிப்பேன். தோட்டத்தால் வந்து முகம் கழுவிவிட்டு யோகன் ஓட்டுவான்.

முதல் மூன்று ஓட்டங்களையும் சுகமாக முடித்துவிட்டான். நேரம் தீரப்போகிற கடைசி நொடியில்தான் முடித்தான், ஆனாலும் முடித்தான். “அண்ணை, கை மறக்கேல்லை!” என்றான். முகத்தில் பழைய களை. எனக்கும் உற்சாகம்.

நாலாவதில் மாட்டிக்கொண்டோம்.

அது மலைப்பாதை. வளைவுக்கு மேல் வளைவு. மழை வேறு பெய்கிறது. மலைக்கு நாங்கள் எங்கே போவது? தோட்டத்து மூலையில் கிடக்கும் எருக்கும்பிதான் எங்கள் பக்கத்தில் உயரமான இடம். ஆனாலும் யோகன் ஒன்றிலும் மோதவில்லை, ஒரு வளைவிலும் வழுக்கவில்லை. எல்லாம் அழகாக ஓடி, கடைசிக் கோட்டைத் தொடப்போகும்போது நேரம் முடிந்துவிடும். பெட்டி ஒரு இளக்காரமான சத்தம் போடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் நான் களைத்துப்போய் மிதி தளர்ந்தாலும் திரை மங்கிக் கார் காணாமல் போகும். அப்போதும் முதலிலிருந்துதான்.

இப்படியே நாட்கள் போயின. ஓடிக் காட்டவேண்டிய நாள் நெருங்க நெருங்க யோகனுக்குப் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“விடுங்கோ அண்ணை. விளையாட்டுச் சாமானிலையே ஓடேலாதவன், சாகக்கிடக்கிற ஆளை ஏத்திக்கொண்டு ஓடிறதே? நான் தோட்டத்துக்கே போறன்.”

நம்பிக்கை கொடுக்கக் கொண்டுவந்த பெட்டி, இருந்த கொஞ்சத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறதே! “இன்னும் ஒருக்கால் ஓடு” என்றேன். தோற்பதை என் கண்ணாலும் பார்த்துவிடுவோம் என்று சைக்கிளைத் திரைப் பக்கம் திருப்பி வைத்தேன். அதுவரை நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு மிதித்திருக்கிறேன்.

திரையின் மூலையில் இரண்டு கோடுகள். ஒன்று நேரம், மற்றது பெற்றோல். வழக்கம்போல நேரக்கோடு தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. பெற்றோல் கோடு...? பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது!

“உதென்ன உது? இவ்வளவு பெற்றோல் கிடக்குது?”

“ஓம் அண்ணை.” குரலில் கொஞ்சம் பெருமைகூட. “எல்லா ஓட்டத்திலையும் மிச்சம் பிடிச்சிருக்கிறன். நேர் றோட்டிலை லீவரைக் கொஞ்சம் விட்டால் தன்பாட்டிலை உருளும்.”

“ஆருக்கு மிச்சம் பிடிக்கிறாய்?”

யோகன் என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான்.

எனக்கு வந்ததே கோபம்! “நான் இஞ்சை உண்மையான வேர்வை ஊத்தி மிதிக்கிறன். நீ அங்கை இல்லாத பெற்றோலை மிச்சம் பிடிக்கிறாய்!”

உள்ளே இருந்த என் மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு யோகன். பிறகு நானும். வயிறு நோகச் சிரித்தோம்.

யோசித்துப் பாருங்கள். இது யோகனுக்கு மட்டும் வந்த வியாதியா?

எங்கள் அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவே குளிக்கிற வாசச் சவர்க்காரம் ஒன்று இருக்கிறது. ‘நல்லது பொல்லாததுக்கு இருக்கட்டும்’ என்று மனைவி வைத்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நல்லதும் வந்துபோனது, பொல்லாததும் வந்துபோனது. சவர்க்காரம் இருக்கிறது. என்னிடம் ஒரு கட்டு நல்ல வெள்ளைத் தாள் உண்டு. இந்தப் பத்தியையோ பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வெள்ளைத் தாளில் என்னதான் எழுதப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மிச்சம் பிடித்திருக்காவிட்டால் நாங்கள் இந்த வருடங்களைத் தாண்டியிருக்க மாட்டோம். அது உண்மை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழக்கம் கைக்குள் இறங்கிவிட்டால், எது தீரும் எது தீராது என்று கை பார்ப்பதில்லை. தீராத ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத் தீருகிற ஒன்றைக் கரைத்துக்கொண்டிருக்கிறோம்... வயதை, உடம்பை, ஆசையை. நினைக்க எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி வெற்றிதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை! யோகனால் லீவரை முழுதாக அழுத்த முடியவில்லை.

“கை போகுதில்லை அண்ணை. ஊத்திச் சிந்திற மாதிரிக் கிடக்குது.”

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியபோது வளைவில் கொண்டுபோய் மோதினான். பிறகு மெல்ல மெல்ல, எங்கே அழுத்துவது எங்கே விடுவது என்று பிடிபட்டது. ஓடிக் காட்டவேண்டிய நாளுக்கு முதல்நாள் கோட்டைத் தாண்டிவிட்டான். பெட்டி ஏதோ ஒரு சின்ன மெட்டு வாசித்தது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது எனக்கு. யோகனுக்குக் கண் கலங்கியிருந்தது.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வாகனங்களுக்குப் பொறுப்பானவர் ஒரு நரைத்த பெரியவர், சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. தன் கண்முன்னால் பெற்றோலை அளந்து ஊற்ற வைத்தார். அம்புலன்ஸ் வானை ஸ்டார்ட் செய்யும் திறப்பை யோகனிடம் கொடுத்தார். பிறகு வானின் பின்கதவைத் திறந்து, நோயாளி படுக்கும் இடத்தில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார்!

“நான்தான் வருத்தக்காரன். சங்கானைக்குப் போட்டு வாரும்.”

வான் போனது. நான் வேப்பமரத்தடியில் நின்று எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். நான் நினைத்ததைவிடக் கெதியாகவே வான் திரும்பி வந்தது. பெரியவர் இறங்கினார். சேட்டில் படிந்த தூசியைத் தட்டினார். யோகனைப் பார்க்கவில்லை, நேரே போய்ப் பெற்றோல் முள்ளைத்தான் பார்த்தார்.

“என்ன காணும், இப்பிடி எரிச்சுப்போட்டீர்? பள்ளம் திட்டியிலை நல்லாத்தான் பாத்து ஓடினீர். நேர் றோட்டிலை உந்தப் பறப்பு என்னத்துக்கு? பெற்றோல் விக்கிற விலை தெரியாதே?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போயிற்று. என் புத்தியைக் கேட்டுத்தானே அழுத்தினான்!

யோகன் தலையைக் குனியவில்லை.

“பின்னாலை ஆள் கிடந்தது, சேர்.”

யோகன் திறப்பை நீட்டினான். பெரியவர் வாங்கவில்லை.

“அது உம்மட்டையே கிடக்கட்டும்.”

வாசகர்களே, வலிகாமம் றோட்டில் அம்புலன்ஸ் ஒன்று உங்களுக்குப் பின்னால் வந்தால் தயவுசெய்து சைக்கிளை ஓரம் கட்டுங்கள்... ஓடுகிறவன் மிச்சம் பிடிக்க மாட்டான்.