ஆக்சிஜன் நம்பரில் பேசிய தையல்காரம்மா

தேனியில் ஒரு பிசினஸ் டைரக்டரி வெப்சைட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற கடை, டாக்டர், ஒர்க்‌ஷாப், வாடகை ஜீப் எல்லாவற்றுக்கும் போன் நம்பர் தருகிற தளம். அந்த வேலையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் டேட்டா என்ட்ரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பச்சை டிக்

சேர்ந்த அன்று முதலாளி என் மேசையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். விசிட்டிங் கார்டுகள், ஜவுளிக்கடைப் பைகள், ஓடுகிற பைக்கில் இருந்து எடுத்த போர்டு போட்டோக்கள்.

"இதுல இருக்க நம்பரெல்லாம் ஏத்தும்மா. ஒரு நாளைக்கு நூறு என்ட்ரி."

"போன் போட்டுச் சரிபார்க்கணுமா சார்?"

"போன் போட்டுக்கிட்டு இருந்தா நூறு எப்படி வரும்? தப்பா இருந்தா அவுகளே சொல்வாக."

ஏற்றினேன். ஒவ்வொரு லிஸ்டிங்கின் பக்கத்திலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை டிக் வரும். யாரும் சரிபார்த்ததில்லை. சேவ் கொடுத்தால் அது தானாக விழும். மூடிப்போன கடைகள் அப்படியே கிடந்தன. ஒரே மாவு மில் மூன்று ஸ்பெல்லிங்கில் இருந்தது. ஒரு பல் டாக்டர் மாட்டுத்தீவன கேட்டகிரியில் இருந்தார். எடுத்துவிடலாமா என்று கேட்டால், "எண்ணிக்கை கொறஞ்சா விளம்பரம் குடுக்கிறவன் என்ன நினைப்பான்?" என்பார்.

'தவறைத் தெரிவிக்க' என்று ஒரு பட்டனும் உண்டு. அதில் எழுதுவது ஒரு இன்பாக்ஸுக்கு வரும். அதன் பாஸ்வேர்டு முதலாளியிடமும் என்னிடமும்தான் இருந்தது. அவர் திறந்ததே இல்லை. நான் எப்போதாவது திறப்பேன். குவிந்து கிடப்பதைப் பார்த்து மூடிவிடுவேன்.

கோம்பையிலிருந்து வந்தவர்

ஒரு நாள் காலை, நாங்கள் அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தோம். நாற்பது வயது இருக்கும், ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் தளத்தின் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் திறந்திருந்தது.

"இந்த நம்பரப் போட்டது யாரு?"

சத்தம் போடவில்லை. உட்காரவும் இல்லை.

"கோம்பையில இருந்து வர்றேன். எங்கய்யாவுக்கு நுரையீரல் கெட்டு வீட்டுலயே சிலிண்டர் வச்சிருக்கோம். நேத்துக் காலைல சிலிண்டர் மீட்டர்ல முள்ளு செவப்புக்கு வந்துருச்சு. எப்பவும் குடுக்கிற ஆளு ஊர்ல இல்ல. ஒங்க சைட்டுல தேடுனேன். மொத நம்பர் உபயோகத்துல இல்ல. ரெண்டாவதுல குமுளியில யாரோ எடுத்து, மலையாளத்துல ஏதோ சொல்லி வச்சுட்டாரு. மூணாவதுல ஒரு பொம்பளையாளு எடுத்தாக. தையல் மிஷின் சத்தம் கேக்குது. எனக்கு உசுரே போயிருச்சு."

"அவுக என்ன சொன்னாக?"

"'பதறாதீகய்யா, இது டெய்லர் கடை. ஆக்சிஜன்காரர் நம்பர் எங்கிட்ட இருக்கு, எழுதிக்கங்க'ன்னாக. செத்த நேரத்துல அவுகளே திருப்பிக் கூப்பிட்டு, 'கெடச்சுச்சா?'ன்னு கேட்டாக. சிலிண்டர் வந்துருச்சு. எங்கய்யா பொழச்சாரு. ஒங்களால இல்ல. நம்பர மாத்துங்க. அதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்."

முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "மாத்திரலாம் சார். சிஸ்டம் எர்ரர்" என்றார்.

கோம்பைக்காரர் போனதும், எதை யார் ஏற்றினார்கள் என்று காட்டும் லாகைத் திறந்தேன். அந்த மூன்றாவது நம்பர் என் ஐடியில் ஏறியிருந்தது. ஆக்சிஜன் கடையின் விசிட்டிங் கார்டு ஸ்கேனைப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின இலக்கம் ஒன்று. நான் ஏழு என்று அடித்திருந்தேன்.

பிறகு இன்பாக்ஸைத் திறந்தேன். அந்த டெய்லர் இரண்டு வருடத்தில் பதினோரு தடவை எழுதியிருந்தார். முதல் கடிதம்: 'ஐயா, இது டெய்லர் கடை நம்பர். மாற்றித் தரவும்.' கடைசிக் கடிதம்: 'பேசுறவங்க அழுவுறாங்க. தயவுசெய்து மாத்துங்க.' பத்துக் கடிதங்கள் திறக்காமல் கிடந்தன. முதல் கடிதம் மட்டும் படிக்கப்பட்டிருந்தது. படித்தவள் நான்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது ஞாபகம் வந்தது.

நம்பரை மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அனுமந்தன்பட்டி

கடிதத்தில் பெயரும் ஊரும் இருந்தன. செல்வராணி, அனுமந்தன்பட்டி. சனிக்கிழமை லீவு போட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

ஐம்பது வயதுக்காரர். என்னைப் பார்த்ததும், "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியாத்தா?" என்றார்.

"இல்லக்கா. அந்த வெப்சைட் ஆபீஸ்ல இருந்து வர்றேன். நம்பர மாத்தியாச்சு."

அவர் மிஷினை நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய் டீ வாங்கி வந்தார்.

அளவு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். அதில் ஆக்சிஜன் கடைக்காரரின் சரியான நம்பர் பெரிதாக எழுதியிருந்தது.

"மொதல்ல நானும் ராங் நம்பர்னுதான் வச்சேன். ஒரு நா ஒரு பொம்பள கூப்பிட்டா. 'இங்கன ஆக்சிஜன் இல்லம்மா'ன்னு சொன்னேன். 'ஐயோ'ன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். திருப்பி அடிச்சா எடுக்கல. என்ன ஆச்சோ, இன்னவரைக்கும் தெரியாது. அப்பறந்தான் எங்க வீட்டுக்காரரக் கம்பத்து ஆக்சிஜன் கடைக்கு அனுப்பி, விசாரிச்சு இந்த நம்பர வாங்கி வச்சேன். துணி வெட்டயில போன் அடிச்சாக்கூடக் கத்திரிய வச்சுட்டு எடுத்துருவேன்."

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் செய்த தப்புக்கு இந்த அம்மா இரண்டு வருடமாக மனசு கேட்காமல் இருந்திருக்கிறார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவரே சொன்னார். "நம்பர அடிச்ச பிள்ள யாரோ, அத வேலைய விட்டு எடுத்துறாதீக. கண்ணு அசந்திருக்கும். பாவம்."

"சரிக்கா, சொல்றேன்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

திங்கட்கிழமையில் இருந்து ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும் போன் போட ஆரம்பித்தேன். உபயோகத்தில் இல்லாத நம்பர்களை நீக்கினேன். மூன்றாவது வாரம் முதலாளி என் ஐடியில் டெலீட் வசதியை நிறுத்தினார். அந்த மாதமே வேலையை விட்டேன். துணிச்சலால் விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்தப் பச்சை டிக்கைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து மறுபடி அனுமந்தன்பட்டிக்குப் போனேன். டீ வாங்கி வர அவர் எழுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த நம்பர அடிச்சது நாந்தான். ஒங்க மொத லெட்டரப் படிச்சுட்டு விட்டதும் நாந்தான்."

கையில் இருந்த துணியை மடியில் வைத்தார்.

"அன்னைக்கு அந்தப் பிள்ளைக்காக நான் பேசிக்கிட்டிருந்தேன். நீ எதுத்தாப்புல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

"ஆமாக்கா."

"நம்பரு தப்பாப் போறது யாருக்கும் நடக்கும். அன்னைக்கே சொல்லியிருக்கலாமேத்தா."

அவ்வளவுதான் சொன்னார். துணியை எடுத்து மிஷினில் வைத்துத் தைக்கத் தொடங்கினார். நான் எழுந்து வந்தேன்.

இப்போது ஒரு விதைக் கம்பெனியில் கஸ்டமர் டேட்டா பார்க்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். ஒரு நம்பரை ஏற்றினால் ஒரு தடவை கூப்பிட்டு, யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால், 'ஆபீஸ்' என்று சொல்லாமல் 'நான்' என்று சொல்லுங்கள், அன்றைக்கே.